ஐந்து மணிக்கு முப்பத்தெட்டு

வயிறு எரிகிறது, அதனால்தான் எழுதுகிறேன். 1975 ஜூலை. சென்னைக்குத் தொலைக்காட்சி வர இன்னும் சில வாரம்தான். தி.நகர் ஸ்டுடியோவிலிருந்து வரும் படம் ஒழுங்காக வந்து சேருகிறதா என்று அடையாறு கோபுரத்தில் உட்கார்ந்து நான் அளக்க வேண்டும். ஞாயிறு முழுக்க, மணிக்கு ஒரு தடவை. இரைச்சலைவிட சிக்னல் ஐம்பது டெசிபலாவது ஓங்கி நிற்க வேண்டும். ஒரு மணிக்கான அளவு குறைந்தாலும் இணைப்பு தேறாது. நிபந்தனைத் தாளில் கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறது.

நாலு மணி வரை ஐம்பத்திரண்டு. ஐந்துக்கு முப்பத்தெட்டு! திரை முழுக்கப் புள்ளி புள்ளியாய்ப் பொரிந்தது. மாடிக்கு ஓடினேன். போல்ட் இறுகாத ஆண்டெனாத் தட்டு கடற்காற்றில் தலையாட்டிக்கொண்டிருந்தது. ஆறுக்குக் காற்று அடங்கியதும் பழையபடி ஐம்பத்திரண்டு.

மறுநாள் தாளைப் பார்த்தார் என் மேலதிகாரி மாணிக்கவாசகம். எம்.எஸ்சி. படித்த மனுஷர்!

"ஏம்மா ஜெயலக்ஷ்மி, ஞாயித்துக்கிழமை நாலரை டு ஆறு ராகு காலம். அந்த நேரத்துல யாராவது மீட்டரைத் தொடுவாங்களா? மயிலாப்பூர்ப் பொண்ணு, உனக்குமா தெரியாது?"

முப்பத்தெட்டை அடித்தார். மேல் வரியிலிருந்த ஐம்பத்திரண்டையே எழுதி, கையெழுத்துப் போடச் சொல்லிப் பேனாவை நீட்டினார்.

"காத்து என்ன பஞ்சாங்கம் பாத்துண்டா சார் அடிக்கறது? ஞாயித்துக்கிழமை சாயங்காலம் ஊரே பொட்டி முன்னாடி உக்காருமே!"

"உன்னை நிரந்தரமாக்குற ஃபைல் என் மேஜையிலதான் இருக்கு."

தெரியாமலா? அந்தச் சம்பளத்தில்தான் எங்கள் வீட்டு அடுப்பே எரிகிறது. அவர் எழுதிய எண்ணுக்குப் பக்கத்தில் 'நான் அளந்தது 38, தட்டு ஆடுகிறது' என்று எழுதிக் கையெழுத்திட்டு, நானே மேலிடத்துக்குத் தபாலில் சேர்த்தேன்.

பத்து நாளில் இரண்டு கடிதம். தட்டை இறுக்கி மறுபடி அளக்கச் சொல்லி ஒன்று. குறையைக் கண்டுபிடித்த மாணிக்கவாசகத்துக்கு அதில் பாராட்டு வேறு! இன்னொன்று எனக்கு. மேலதிகாரியை மீறியதற்காகத் தகுதிகாண் காலம் ஆறு மாதம் நீட்டிப்பு. அடப்பாவிகளா!

அடுத்த ஞாயிறு ஐந்து மணிக்கு நான்தான் அளந்தேன். காற்று முன்னைவிடப் பலம். ஐம்பத்துமூன்று. தாளின் அடியில் 'பரிசோதித்தவர்: மாணிக்கவாசகம்' என்று முன்கூட்டியே டைப் அடித்து வைத்திருந்தார்கள். அதை அடித்துவிட்டு என் பெயரை எழுதினேன். இன்னும் ஆறு மாதம் நீட்டட்டும்.