திரும்பி வந்த ஒரே புத்தகம்

பள்ளிக்கூடத்து நூலக அறைக்குள் நான் முதன்முதலில் போனது சுமை இறக்கத்தான். புத்தகக் கட்டுகளைத் தோளிலிருந்து இறக்கிவிட்டு வாசலில் நின்று வியர்வையைத் துடைத்தேன். உள்ளே ஒரு டீச்சர் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, கிழிந்த பக்கம் ஒன்றைப் பசை தடவி ஒட்டிக்கொண்டிருந்தார். பிள்ளைகள் அவருக்கு வைத்த பெயர் பசை டீச்சர். என் மகளும் வீட்டில் அப்படித்தான் சொல்வாள்.

"கட்டு மேல என்ன எழுதியிருக்கு? கதையா, அறிவியலா?" என்று கேட்டார்.

"எனக்குப் படிக்கத் தெரியாதுங்க டீச்சர்."

பாவம் பார்க்கிற மாதிரி அவர் முகம் மாறவில்லை. "அப்ப சாயங்காலம் வேலை முடிஞ்சு வாங்க. பெத்தவங்களுக்குன்னு ஒரு மணி நேரம் வச்சிருக்கேன். ஆளுதான் வர மாட்டேங்குது."

போனேன். முதுகு வலியோடு, பிள்ளைகள் உட்காரும் குட்டி நாற்காலியில், முழங்கால் தாடையில் இடிக்க உட்கார்ந்து எழுத்துக் கூட்டினேன். "பையில தண்ணி பாட்டில் வச்சு விடட்டுமா? மிஸ்கிட்ட அடி வாங்காம வந்துடு" என்று மனைவி வாசல்வரை வந்து கேலி செய்வாள். கேலி செய்தாலும் அந்த ஒரு மணி நேரத்துக்கு என்னை எந்த வேலைக்கும் கூப்பிட மாட்டாள். என்னைப் பார்த்து இன்னும் சில பெற்றோரும் வர ஆரம்பித்தார்கள்.

அந்த அறை டீச்சருக்குச் சும்மா கிடைக்கவில்லை. உடைந்த பெஞ்சுகள் போட்டு வைத்திருந்த இடம். கேட்டுக் கேட்டு வாங்கினார். வாங்கிய பிறகும் நிம்மதி இல்லை. எந்த டீச்சர் லீவு போட்டாலும் இவரை அந்த வகுப்புக்கு அனுப்பிவிட்டு நூலகத்தைப் பூட்டிவிடுவார்கள். "கணக்கு டீச்சரை பாதிப் பாடத்துல எழுப்பி அனுப்புவீங்களா? இதுவும் பாடம்தாங்க" என்று எல்லா ஆசிரியர் கூட்டத்திலும் எழுந்து நிற்பாராம். "நான் எழுந்தாலே எல்லாரும் செல்போனை எடுத்துடுவாங்க, பாப்பா அப்பா" என்று என்னிடம் சொல்லிச் சிரிப்பார்.

கூட்டத்தில் அவர் பக்கம் பேசுகிற ஒரே ஆள் பெரிய சார், அதாவது தலைமையாசிரியர். இரண்டு பேரும் ஒரே வருடம் வேலைக்குச் சேர்ந்தவர்கள். டீச்சர் அவரை அண்ணா என்றுதான் கூப்பிடுவார். சாயங்காலங்களில் அவரும் வந்து எட்டிப் பார்ப்பார். நான் ஒரு பக்கத்தை முழுசாகப் படித்து முடித்த அன்றைக்கு முதலில் கை தட்டியது அவர்தான். அந்தக் கைதட்டலுக்காகவே அவருடைய மேசை நாற்காலிகளை நான் பலமுறை கூலி வாங்காமல் நகர்த்திப் போட்டிருக்கிறேன்.

பசை டீச்சருக்கு ஒரு கொள்கை உண்டு. அலமாரி நிறைந்திருந்தால் நூலகம் படுத்துவிட்டது என்று அர்த்தம். பெரிய லீவுக்கு முன்னால் இருக்கிற எல்லாப் புத்தகத்தையும் பிள்ளைகளிடம் கொடுத்து அனுப்பிவிடுவார். "லீவுல ஒண்ணுகூட இங்க தூங்கக் கூடாது" என்பார். காலி அலமாரியைத் துடைக்கும்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டும், கல்யாண வீட்டில் பாத்திரம் காலியானதைப் பார்க்கிற சமையல்காரர் மாதிரி இருக்கும்.

இந்த வருடம் ஒரு பேச்சு அடிபட்டது. அந்த அறையைக் கம்ப்யூட்டருக்குக் கொடுக்கலாமா என்று பார்க்க மேலிடத்திலிருந்து ஒரு அதிகாரி வரப்போகிறார். அறை போனால் டீச்சரின் நூலக வேலையும் போகும், எங்கள் சாயங்கால வகுப்பும் போகும். நான் அப்போதுதான் தட்டுத் தடுமாறிப் பக்கம் பக்கமாகப் படிக்க ஆரம்பித்திருந்தேன். டீச்சர் பயந்துபோய், "இந்தத் தடவை பாதிப் புத்தகத்தை வச்சுக்கட்டுமா அண்ணா?" என்று எங்கள் எதிரிலேயே கேட்டார்.

"எதுக்குமா? அவர் லீவு முடிஞ்சுதான் வர்றார். நீ வழக்கம்போல எல்லாத்தையும் குடுத்து அனுப்பு. அத்தனை பிள்ளைங்களும் கை நிறைய புத்தகத்தோட திரும்பி வர்றதை அவர் கண்ணால பாக்கட்டும்."

டீச்சருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

கொடுத்து அனுப்பிய அன்று அறை சந்தை மாதிரி இருந்தது. என் மகள் மார்போடு அணைத்து ஒரு அடுக்கே வீட்டுக்கு எடுத்துக்கொண்டாள். எனக்கும் திமிங்கிலம் பற்றி ஒன்று கிடைத்தது. கடைசியில் பெரிய சார் வந்து, தான் எடுத்திருந்த புத்தகத்தை நடு அலமாரியில் வைத்தார்.

"என்ன அண்ணா, ஊரே எடுத்துட்டுப் போகுது, நீங்க மட்டும் கொண்டாந்து வைக்கிறீங்க?"

"படிச்சிட்டேன்மா" என்றார். நாங்கள் எல்லோரும் சிரித்தோம்.

மறுநாள் வெள்ளையடிக்க வசதியாக பெஞ்சுகளை வெளியே எடுத்துப் போட என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். டீச்சரை ஏதோ பயிற்சி என்று வேறு பள்ளிக்கு அனுப்பியிருந்தார் பெரிய சார். நான் பெஞ்சும் கையுமாக இருக்கும்போது ஒரு கார் வந்து நின்றது. அதிகாரியைப் பெரிய சார் நேராக நூலகத்துக்கு அழைத்துப் போனார்.

"பாருங்க சார். சொன்னேன்ல, சும்மாதான் கிடக்குது."

பெஞ்சை இறக்கிவிட்டு வாசலில் போய் நின்றேன். "புத்தகமெல்லாம் பிள்ளைங்ககிட்ட இருக்குதுங்க. என் வீட்டுலயே இருக்குது. வந்தா காட்டுறேன்."

அதிகாரி திரும்பினார். பெரிய சார் என் தோளில் கை போட்டார். "நம்ம லோடுமேன் சார். நல்ல மனுஷன். படிக்காதவர், அவருக்கு என்ன தெரியும், பாவம்."

எனக்குக் கை தட்டிய அதே கை.

அதிகாரி நடு அலமாரியில் இருந்த அந்த ஒரு புத்தகத்தை எடுத்துப் புரட்டி, இருந்த இடத்திலேயே வைத்துவிட்டுப் போனார்.

சாயங்காலம் டீச்சர் வீட்டுக்கு ஓடினேன். அவர் நம்பவில்லை. "அண்ணா அப்படிச் செய்ய மாட்டார். நீங்க தப்பாப் புரிஞ்சிருப்பீங்க" என்று என் எதிரிலேயே அவருக்குப் போன் போட்டார். பேசி முடித்துவிட்டு, "சும்மா பாத்துட்டுப் போனாராம். லீவை நிம்மதியா கழின்னு சொல்றார். பாத்தீங்களா?" என்று சிரித்தார். அதற்கு மேல் நான் என்ன சொல்ல? படிக்காதவன்.

பள்ளி திறந்த அன்று மகளோடு போனேன். நூலக வாசலில் புதுப் பலகை தொங்கியது. கணினி அறை. எழுத்துக் கூட்டாமல் ஒரே மூச்சில் நான் படித்த முதல் பலகை அதுதான்.

அந்தப் பலகைக்குக் கீழே பிள்ளைகள் புத்தகமும் கையுமாக வரிசையில் நின்றார்கள். பெரிய சார் டீச்சரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். "மேலிடத்து உத்தரவும்மா. என் கையில என்ன இருக்கு? நீ மூணாம் வகுப்பைப் பாத்துக்க. புத்தகங்களை வாங்கி மோட்டார் ரூம்ல போடச் சொல்லிடு." மோட்டார் ரூமில் எப்போதும் தண்ணீர் கசியும். சொல்லிவிட்டு அவர் தன் அறைக்குப் போய்விட்டார்.

டீச்சர் அந்தப் பலகையை அண்ணாந்து பார்த்தார். பிறகு பிள்ளைகளைப் பார்த்துத் திரும்பினார்.

"யாரும் திருப்பிக் குடுக்க வேணாம். வீட்டுக்கே கொண்டு போங்க. உங்களுக்குள்ள மாத்தி மாத்திப் படிங்க."

ஒரு நாள் தாமதமானால்கூடக் காதைத் திருகுகிற டீச்சர். பிள்ளைகள் நம்பாமல் அங்கேயே நின்றார்கள்.

"டீச்சர், நிஜமாவா?" என்றாள் என் மகள்.

"நிஜமாத்தான். போ."

அலமாரிகளை எடுக்க என்னைத்தான் பிடித்திருந்தார்கள். முடியாது என்று சொல்ல வாயைத் திறந்தேன். "நீங்களே தூக்குங்க, பாப்பா அப்பா. வேற யாராச்சும் தூக்கினா உடைச்சிடுவாங்க" என்றார் டீச்சர். நடு அலமாரியில் இன்னும் அந்தப் புத்தகம் சாய்ந்து கிடந்தது. அதை எடுத்துப் புடவைத் தலைப்பால் துடைத்துக்கொண்டு பெரிய சார் அறைக்குப் போனார். நான் அலமாரியின் ஒரு முனையைப் பிடித்தபடி அந்த அறைக்கு எதிரே வராந்தாவில் நின்றேன்.

"இது ஒண்ணுதான் திரும்பி வந்துச்சு, சார்."

"என்னம்மா, புதுசா சாருங்கிற?"

டீச்சர் புத்தகத்தை அவர் மேசையில் வைத்தார்.

"மூணாம் வகுப்புக்கு மணி அடிச்சிடுச்சு. நான் வர்றேன், சார்."