கேக்கில் என் பெயர் இருந்தது

மைக் செட் வயரை மோல்டிங் மெஷினின் பிளக் பாயின்ட்டில் சொருகியது நான்தான். “ஹலோ, டெஸ்டிங்” என்றேன். டப்பென்று ஒரு சத்தம். வரிசையாக நாலு மெஷினும் நின்றுவிட்டன. ஊழியர்களை மகிழ்விப்பதுதான் என் வேலை. மெயின்டனன்ஸ்காரர்களைத் தவிர அத்தனை பேரும் அன்று மகிழ்ச்சியாகவே இருந்தார்கள்.

நான் மாதேஷ். ஓசூரில் கார்களுக்கு பிளாஸ்டிக் பாகம் செய்யும் கம்பெனியில் எச்.ஆர். டிரெய்னி. 2008 கடைசி. வேலைக்குச் சேரும் பிள்ளைகள் ஆறு மாதம்கூட நிற்பதில்லை என்று, அவர்களைப் பிடித்துவைக்க மாதக் கடைசியில் கூட்டுப் பிறந்தநாள் கொண்டாடுவோம். ஒரே கேக், அந்த மாதம் பிறந்தவர்களின் பெயரெல்லாம் அதன்மேல் எறும்பு வரிசையாய் ஊரும். இந்த மாதம் என் பெயரும் ஊர்ந்தது.

என்னைப் பிடித்துவைக்கத்தான் ஆளில்லை. பயிற்சிக்காலம் முடியப் போகிறது. நிரந்தரமா, இல்லையா என்று யாரும் சொல்லவில்லை. பாகலூர் ரோட்டில் ஒரு சின்னக் கம்பெனி கூப்பிட்டிருந்தது. சம்பளம் குறைவு. அன்று சாயங்காலத்துக்குள் பதில் சொல்லியாக வேண்டும். இங்கே வேலை உறுதியென்றால் அங்கே போக மனமில்லை.

காலையிலேயே மேனேஜர் ராஜேஷ்குமாரிடம் கேட்டிருந்தேன்.

“பாசிட்டிவா இரு மாதேஷ். புராசஸ்ல இருக்குது.”

கரண்ட் வந்தது, கேக் வெட்டினோம். இளைஞர்களுக்கு என்ன வேண்டுமென்று விசாரிப்பதும் என் வேலை. கையில் க்ரீமுடன் நின்ற ஜெயப்ரியாவைக் கேட்டேன். செக்கிங்கில் இருக்கிறாள், சாமல்பட்டிப் பெண்.

“கேக்கெல்லாம் வேணாங்ண்ணா. நாளைக்கு ஷிப்ட் இருக்குதா இல்லியான்னு இன்னிக்கே சொல்லுங்க. கேட் வரைக்கும் வரவெச்சி திருப்பி அனுப்பறீங்களே, அது என்ன பழக்கம்?”

“மேல சொல்லிப் பாக்கறேன்.”

“தோ பாரு! மேனேஜர் சார் பேசற மாதிரியே பேசறாரு!” பக்கத்தில் நின்ற பெண்கள் எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். கேக்கை மேஜையிலேயே வைத்துவிட்டேன்.

கை கழுவாமலே ராஜேஷ்குமார் அறைக்குப் போனேன்.

“சார், நாளைக்கு ஷிப்ட் இருக்குதா?”

“பாக்கலாம்ப்பா.”

“நான் இருக்கட்டுமா, வேற எடம் போகட்டுமா?”

“டீ சாப்பிடறியா?”

“வேணாம் சார்.”

போனை எடுத்தார், யாரிடமும் பேசாமல் வைத்தார். நான் நகரவில்லை. நகர்ந்தால் அடுத்த மாதமும் இதே அறையில் இதே டீயைத்தான் மறுத்துக்கொண்டிருப்பேன் என்று தோன்றியது. அவர் எழுந்துபோய் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

“நாளைக்கு ஷிப்ட் இல்ல. இந்த வாரம் பூராவும் இல்ல. கார் விக்காம ஆர்டர் நின்னு போச்சு. உன்ன எடுக்கறதில்லன்னு போன மாசமே முடிவாயிடுச்சுப்பா. எனக்குத்தான் சொல்ல வாய் வரல. நீ போயிடு.”