நாலெட்டில் தண்ணீர்

ஒரு சொட்டு. குடுவைக்குள் ஒரு கணம் ரோஜா நிறம். குலுக்கினால் காணோம்.

ஐப்பசி மழை. ஜன்னல் வெளிச்சம் சாம்பலாய் வருகிறது. சாயப்பட்டறையின் சின்ன ஆய்வுக்கூடத்தில் காந்திமதி தனியாகக் குலுக்கிக்கொண்டிருக்கிறாள்.

அங்கே அது இரண்டு பேர் வேலை. மேலே பியூரெட் என்ற அளவுக் கண்ணாடிக் குழாயின் திருகைத் திறந்து காரத்தைச் சொட்டவிட ஒருத்தி. கீழே அமிலக் குடுவையைக் குலுக்க ஒருத்தி. முப்பது எண்ணும் வரை ரோஜா நிறம் கலையாமல் நின்றால் இரண்டும் சமம். ஒரு சொட்டு மிஞ்சினாலும் பாழ், முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

சொட்டவிடுகிறவள் நசீமா. நாற்பது நாள் கழித்து இன்றைக்கு வருகிறாள்.

அன்றைக்கும் மழை. அமில பாட்டில் நழுவியது. நசீமாவின் வலக்கை முழுக்க அமிலம். தண்ணீர்க் குழாய் நாலெட்டில் இருந்தது. நாலே எட்டு வைத்தால் போதும்.

காந்திமதி அங்கே ஓடவில்லை. மேஜையில் கைக்கெட்டிய காரத்தை எடுத்து அந்தக் கையில் ஊற்றினாள். அமிலத்தைக் காரம் அடக்கும், மிஞ்சுவது உப்பும் தண்ணீரும். பரீட்சையில் முழு மதிப்பெண் வாங்கிய பதில்.

அந்தச் சமன்பாட்டின் கடைசியில் வெப்பம் என்று ஒரு சொல் உண்டு. அதை அவள் நசீமாவின் தோலில்தான் படித்தாள்.

முதலாளி கேட்டபோது, ஆசிட் கொட்டிவிட்டது என்றாள். பாதி உண்மை. மறுபாதியை நாற்பது நாளாக யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் நசீமா போய்விடுவாள். சொல்லாமல், அந்தக் கையைப் பார்த்துக்கொண்டே, எப்படிச் சோறு இறங்கும்?

வாசலில் குடை மடங்கும் சத்தம். நசீமா. சட்டைக் கையை விரல் வரை இழுத்துவிட்டிருக்கிறாள். விளிம்பில் தெரிகிற தோல் சுருங்கிப் பளபளக்கிறது.

"ஆசிட்டு பாதிதான் நசீமா. மீதி நான் ஊத்துனது."

நசீமா குடையை மூலையில் சாய்த்தாள்.

"தெரியும் புள்ள. நானும் அதே புஸ்தகந்தான படிச்சேன். நீயாச் சொல்லுவியான்னு பாத்துட்டிருந்தேன்."

காந்திமதி அழுதாள். வெட்கமில்லாமல் அழுதாள். நசீமா தேற்றவில்லை.

"ஆறிப்போச்சுன்னு சொல்ல மாட்டேன். குடுவையப் புடி."

இடக்கையால் திருகைத் திறந்தாள். பழகாத கை. காந்திமதி மூச்சை அடக்கிக் குலுக்கினாள்.

ஒரு சொட்டு. ரோஜா நிறம். காணோம்.

இன்னொரு சொட்டு. காணோம்.

அரைச் சொட்டு. மழை வெளிச்சத்தில், இருக்கிறதா என்று சந்தேகப்படும்படி ஒரு வெளிறிய ரோஜா. இருவரும் வாய்க்குள் முப்பது வரை எண்ணினார்கள்.

நின்றது.