பத்தாவது சொல்

வசனம் ஆறாவது சொல்லில் நின்றுவிட்டது.

யூதர் இடுகாட்டில் அடக்கச் சங்கத்து அவ்ஷலோம் நீட்டியிருந்த விரலை மடக்கிக்கொண்டார். ஆட்களை ஒன்று, இரண்டு என்று எண்ணக்கூடாது. அதனால் பத்துச் சொற்கள் உள்ள வேத வசனம் ஒன்றை ஆளுக்கொரு சொல்லாகச் சொல்லிப் பார்ப்பார்கள். அவர், அவருடைய உதவியாளர்கள் இருவர், குழி வெட்டியவர், ராக்கெட் சைரன் ஒலிக்கும்போதெல்லாம் அப்பாவோடு மாடிப்படியில் ஒதுங்கும் கிழவர்கள் இருவர். அவ்வளவுதான். மகள் ஸோஹராவின் மேல் எந்தச் சொல்லும் விழவில்லை. பெண்கள் கணக்கில் வருவதில்லை.

"பத்து ஆம்பளைங்க இல்லாம இறந்தவருக்கான கதிஷ் பிரார்த்தனையைச் சொல்ல முடியாதும்மா," என்றார் அவ்ஷலோம். "நாலு மணிக்குள்ள மூடியாகணும். இன்னைக்கு வெள்ளிக்கிழமை, பொழுது சாய்ஞ்சா ஓய்வுநாள் தொடங்கிடும்."

அப்பா தள்ளுபடுக்கையில் வெள்ளைத் துணிக்குள் இருந்தார். அதன் மேல் அவருடைய தொழுகைச் சால்வை. காலையில் பல் தேய்த்துக்கொண்டிருந்தவர் அப்படியே குளியலறையில் உட்கார்ந்துவிட்டார். இதயம் என்றார்கள்.

ஊரில் பாதி ஆண்களை ராணுவம் அழைத்துக்கொண்டது. மீதிப் பேர் கூட்டம் கூட வேண்டாம் என்ற அறிவிப்பைக் கேட்டு வீட்டுக்குள் இருந்தார்கள். ஸோஹரா ராணுவத்திலிருக்கும் தம்பி யிகாலை மறுபடி அழைத்தாள். எல்லை தாண்டிப் போவதற்கு முன் போன்களை வாங்கி வைத்துவிடுவார்கள் என்று தெரியும். பதிவு செய்த குரல்தான் வந்தது. மகன் யிகால் குழியருகே நின்று கதிஷ் சொல்ல வேண்டும் என்பதைத் தவிர அப்பா தன் சாவைப் பற்றி எதுவும் கேட்டதில்லை. மகன் இல்லை. பிரார்த்தனையும் இல்லாமல் போய்விடும் போலிருந்தது.

பத்துப் பேர் இருக்கும் இடம் ஒன்று அவளுக்குத் தெரியும். ஆளும் கட்சியின் தேர்தல் அலுவலகம். அதை நடத்துபவர் மேல்வீட்டு சாசோன். அவருக்கும் அப்பாவுக்கும் முப்பது வருடச் சண்டை. தேர்தலுக்கு ஐந்து வாரம் இருக்கும்போது தொடங்கிய போர் ஓட்டுக்கான போர் என்றார் அப்பா. ராக்கெட் விட்டவனுக்கு நம்ம தேர்தல் தேதி தெரியுமா என்றார் சாசோன். மாடிப்படியில் சைரன் ஓயும்வரை இருவரும் கத்துவார்கள். ஒருநாள் அப்பா, "என் அடக்கத்துக்கு உன் கட்சிக்காரன் எவனும் வரக்கூடாது," என்றார்.

"வருவேன். போன பிறகாவது நீ ஒழுங்கா ஓட்டுப் போடுவே," என்றார் சாசோன்.

ஸோஹரா தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறாள். நாள் முழுவதும் யாரிடமும் பேசாமல் இருக்க முடியும் என்பதால் அந்த வேலை அவளுக்குப் பிடிக்கும். சாசோனின் எண்ணைத் தேடி எடுத்தபின்னும் சிறிது நேரம் அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு அழுத்தினாள்.

"அப்பா அடக்கத்துக்கு நாலு பேர் குறையுது," என்றாள்.

மறுமுனையில் தேர்தல் பாட்டுச் சத்தம் நின்றது. "ஏன் காலையிலயே சொல்லலே?" என்றார் சாசோன். நாலு மணிக்குள் மூட வேண்டும் என்று மட்டும் சொன்னாள். அவருக்கும் பதில் தெரிந்திருக்க வேண்டும்.

பதினைந்து நிமிடத்தில் வேன் வந்தது. சாசோனோடு ஐந்து பேர். எல்லோர் மேலும் நீலச் சட்டை, நெஞ்சில் தலைவரின் முகம், அதன் கீழே 'வலிமை' என்ற சொல். சட்டைகளில் இருந்த ஆறு முகங்களும் அப்பாவைப் பார்த்துச் சிரித்தபடி நெருங்கி வந்தன.

"சட்டையைத் திருப்பிப் போட்டுக்கறீங்களா?" என்றாள். யாருக்கும் கேட்கவில்லை. மறுபடி சொல்ல வேண்டியிருந்தது.

ஒருவன் முணுமுணுத்தான். உதவிக்கு வந்த இடத்தில் இப்படியா என்பதுபோல ஏதோ. சாசோன் அவனைத் திரும்பிப் பார்க்கவில்லை. சட்டையைத் தலைவழியே கழற்றத் தொடங்கினார். மற்றவர்களும் கழற்றினார்கள். அந்த நேரத்தில் சைரன் எழுந்தது.

ஓட இடமில்லை. எல்லோரும் மண்ணில் குப்புற விழுந்து தலையைக் கைகளால் மூடிக்கொண்டார்கள். சாசோனின் வெற்று முதுகில் நரைமயிர் தெரிந்தது. தள்ளுபடுக்கை மட்டும் நின்றுகொண்டிருந்தது. அதை யாராவது கீழே இறக்கியிருக்கலாம் என்று அவளுக்குத் தோன்றியது. வானத்தில் இரண்டு வெடிச்சத்தம். மேற்கே, யிகால் இருக்கும் பக்கம், அதைவிடக் கனமான சத்தங்கள் நிற்காமல் கேட்டன.

எழுந்து மண்ணைத் தட்டினார்கள். சட்டைகளை உள்பக்கம் வெளியே வரும்படி போட்டுக்கொண்டார்கள். உற்றுப் பார்த்தால் முகம் மங்கலாகத் தெரிந்தது. அவ்ஷலோம் வசனத்தை முதலிலிருந்து தொடங்கினார். பத்தாவது சொல் சாசோனின் மேல் விழுந்தது.

அப்பாவை இறக்கினார்கள். வழக்கப்படி மண்வெட்டியைக் கைக்குக் கை கொடுக்காமல், ஒருவர் கீழே போட அடுத்தவர் எடுத்தார். துக்கத்தின் அடையாளமாக அவ்ஷலோம் ஸோஹராவின் சட்டைக் கழுத்தில் பிளேடால் சிறிதாகக் கீறினார். மீதியை அவள் கிழித்தாள்.

"பிரார்த்தனைக்கு இறந்தவரோட அம்மா பேரு?"

அவள் வாயைத் திறப்பதற்குள் சாசோன், "மெசவூதா," என்றார். "மக்லூஃப், மெசவூதாவோட மகன்."

கதிஷ் யார் சொல்வது என்று அவ்ஷலோம் கேட்டார். சாசோன் அவளைப் பார்த்தார். அவள் சரியென்று தலையசைத்தாள். அவர் சட்டைப் பையில் மூக்குக்கண்ணாடியைத் தேடினார். பை உள்ளே போயிருந்தது. கண்ணாடி இல்லாமலே சொன்னார். நடுவில் ஒரு இடத்தில் தடுமாறி, அந்த வரியை மறுபடி சொன்னார். மற்றவர்கள் ஆமென் என்றார்கள்.

ஞாயிற்றுக்கிழமை அவள் துக்கம் காக்கத் தாழ்வான நாற்காலியில் உட்கார்ந்தாள். பக்கத்தில் இன்னொரு தாழ்வான நாற்காலி. செய்தி எட்டும் நாளில் யிகால் கிழித்துக்கொள்வதற்காக அவனுடைய பழைய சட்டையொன்றை அதன் மேல் மடித்து வைத்திருந்தாள். செய்தி அனுப்பியாகிவிட்டது என்று ராணுவ அலுவலகத்தில் சொன்னார்கள். போய்ச் சேர்ந்ததா என்பதைச் சொல்லவில்லை.

காலையில் அந்த இரண்டு கிழவர்களும் வந்து முட்டையும் ரொட்டியும் வைத்துவிட்டுப் போனார்கள். பிறகு யாரும் வரவில்லை. அப்பாவின் குறிப்பேட்டில் இருந்த எண்களுக்கெல்லாம் அவள் தகவல் சொன்னாள். கடைசியில் ஃபவ்ஸி, கான் யூனிஸ் என்று இருந்தது. எல்லைக்கு அந்தப் பக்கமிருந்து வந்து பேருந்துப் பட்டறையில் பதினோரு வருடம் அப்பாவோடு வேலை பார்த்தவர். எல்லை வேலி மூடிய பிறகும் ஒவ்வொரு புத்தாண்டுக்கும் அழைத்துக்கொண்டிருந்தார். அழுத்தினாள். தம்பியின் எண்ணில் வருவதுபோலவே இங்கும் பதிவு செய்த ஒரு குரல். மொழி மட்டும் வேறு.

மேஜையில் அப்பாவின் பெயருக்கு வந்த வாக்குச்சாவடிச் சீட்டு கிடந்தது. செவ்வாய்க்கிழமை, உயர்நிலைப் பள்ளி, ஏழாவது அறை.

தினமும் நான்கு மணிக்கு சாசோனின் தேர்தல் ஒலிபெருக்கி வண்டி வரும். அது தெருவுக்குள் திரும்பியதும் அப்பா ஜன்னலை அகலத் திறந்து, சாசோன் பார்க்கிறார் என்று உறுதி செய்துகொண்டு, படாரென்று மூடுவார். ஐந்து வாரமும் ஒருநாள்கூடத் தவறவில்லை.

தூரத்தில் பாட்டுக் கேட்டது. ஸோஹரா எழுந்துபோய் ஜன்னலைத் திறந்து கதவில் கை வைத்து நின்றாள். தெருமுனையில் பாட்டு நின்றது. வண்டி மெதுவாக வந்தது. டயரின் அடியில் சரளைக்கல் நொறுங்குவது கேட்டது. முன்னிருக்கையில் இருந்த சாசோன் மேலே பார்க்கவில்லை.

வண்டி அடுத்த தெருவுக்குத் திரும்பியது. அங்கே பாட்டு மறுபடி தொடங்கியது. அது தேய்ந்து முடியும்வரை அவள் ஜன்னலை மூடவில்லை.