பக்கத்து ஃபாக்டரி எப்படி?

டெல்லியில் தொழில் செய்கிறவனிடம் வியாபாரம் எப்படி என்று கேட்பதும் சுவரிடம் கேட்பதும் ஒன்றுதான். என் தலையெழுத்து, அதைக் கேட்டுத்தான் வயிறு வளர்க்க வேண்டியிருந்தது. எண்பத்திரண்டாம் வருஷம், ஆசிய விளையாட்டுக்காக ஊரையே தோண்டிப் போட்டிருந்த கோடை. ஒரு தொழிலதிபர் சங்கத்தில் தற்காலிகக் கணக்கெடுப்பாளனாக இருந்தேன். படிவத்தில் ஒரே கேள்வி: அடுத்த மூன்று மாதம் உங்கள் தொழில் எப்படி இருக்கும்? நன்றாக, அப்படியே, மோசமாக. மூன்றில் ஒன்றில் டிக் போட வேண்டும்.

முதல் சுற்றில் நாற்பத்திரண்டு கம்பெனிகளும் 'மோசம்'. என் மேலதிகாரி ராஜசேகரன் சார் தலையில் அடித்துக்கொண்டார். இன்னொரு தடவை இப்படி வந்தால் கமிட்டி கணக்கெடுப்பையே மூடிவிடும், நீ ஊருக்கு ரயில் ஏற வேண்டியதுதான் என்றார். கிட்வாய் நகரில் ஒரு குவார்ட்டர்ஸின் பின்னறையை வாடகைக்குப் பிடித்து, ஏழு மாதக் கர்ப்பிணியான என் மனைவி இந்திராணியை அப்போதுதான் விருதுநகரிலிருந்து கூட்டி வந்திருந்தேன்.

இரண்டாம் சுற்றுக்கு முதலில் ஓக்லாவில் மக்கன் சிங்கின் ஃபேன் ஃபாக்டரிக்குப் போனேன். வாசலில் மூன்று லாரி. உள்ளே மெஷின் சத்தத்தில் கத்தித்தான் பேச முடிந்தது. மனிதர் லஸ்ஸி டம்ளரை இறக்கி வைத்து, மீசையைத் துடைத்து, கண்ணை மூடி, "மந்தா ஹை, பேட்டா" என்றார். வியாபாரம் மந்தமாம். நன்றாக இருக்கிறது என்று சொன்னால் ஊர்க் கண் பட்டுவிடும், இன்கம் டாக்ஸ்காரன் காதிலும் விழுந்துவிடும்.

எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. அந்த வெயிலில் இரண்டு பஸ் மாறி வந்தவன் நான். "சரி சர்தார்ஜி, உங்க தொழில் படுத்திருச்சு. பக்கத்து ஃபாக்டரி எப்படி?" என்று எனக்குத் தெரிந்த இந்தியில் சண்டைக்குப் போகிற மாதிரி கேட்டேன்.

அடேயப்பா, அந்த முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டுமே! பக்கத்தில் ஏர்கூலர் செய்கிற கூலர்காரன் மூன்று ஷிப்ட் ஓட்டுகிறானாம், நோட்டு அடிக்கிறானாம், மைத்துனனுக்குக்கூடக் கார் வாங்கிவிட்டானாம். கூலர்காரரிடம் போனேன். அவருக்கு மந்தம்தானாம். மக்கன் சிங்தான் வந்த ஆர்டரை எடுக்க முடியாமல் திணறுகிறாராம்.

அன்றிலிருந்து என் கால் தரையில் பாவவில்லை. கல்யாணப் பந்தல் போடும் டென்ட் ஹவுஸ்காரர் பேண்டு செட்காரரைக் காட்டினார், பேண்டு செட்காரர் கல்யாணச் சமையல்காரரைக் காட்டினார், சமையல்காரர் டென்ட் ஹவுஸையே காட்டினார். பஸ்ஸில் தனியாகச் சிரித்துக் கண்டக்டரிடம் முறைப்பு வாங்கினேன். ராஜசேகரன் சார், பக்கத்துக் கம்பெனி எப்படி என்ற கேள்வியைத் தானே டைப் அடித்துப் படிவத்தில் சேர்த்தார். நாற்பத்திரண்டில் முப்பத்தொன்பது 'நன்றாக'.

கமிட்டியில் அதை வாசித்தபோது, உட்கார்ந்திருந்த முதலாளிகள் அத்தனை பேரும் தலையாட்டினார்கள். ரிப்போர்ட் நூற்றுக்கு நூறு சரி, என் கம்பெனி ஒன்றுதான் மந்தம் என்று ஒவ்வொருவராகச் சொன்னார்கள். நான் சிரித்துத் தொலைக்கக் கூடாதே என்று ராஜசேகரன் சார் மேஜைக்கு அடியில் என் காலை மிதித்தார். கணக்கெடுப்பு வருஷா வருஷம் நடக்கும் என்று முடிவாயிற்று. சாயங்காலமே எனக்கு நிரந்தர வேலைக்கான ஆர்டரைக் கையில் கொடுத்துவிட்டார்கள்.

ஜிலேபி வாங்கிக்கொண்டு வீட்டுக்கு ஓடினேன். இந்திராணி ஆர்டரை இரண்டு தடவை வாசித்தாள், அழுதாள், சிரித்தாள், என் வாயில் ஒரு முழு ஜிலேபியைத் திணித்தாள், தானும் ஒன்றைத் தின்றாள். சந்தோஷத்தில் எனக்கு ஆடலாம் போல இருந்தது. அந்த நேரம் பார்த்துப் பக்கத்துக் குவார்ட்டர்ஸ் சந்திரம்மாள் வாசலுக்கு வந்து, தம்பிக்கு வேலை பர்மனென்ட் ஆயிருச்சா என்று விசாரித்தார்.

இந்திராணி முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டாள்.

"எங்கே ஆச்சு அக்கா, இழுத்துக்கிட்டே கெடக்கு. இந்த மாசத்தோட நிறுத்திருவாங்க போல" என்றாள் தழுதழுத்த குரலில்.

நான் சத்தம் போடாமல் ஜிலேபிப் பொட்டலத்தைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினேன்.