மூணு வருச வாரண்டி

நஞ்சுண்டன் எந்தப் பொருளையும் சொன்ன விலைக்கு வாங்கியவர் இல்லை. மகள் பிறந்தபோது ஆஸ்பத்திரி பில்லையே பேசிக் குறைத்தவர் என்பது பல்லடத்தில் எல்லோருக்கும் தெரியும். "பொண்ணுதானுங்களே, பாத்துப் போடுங்க" என்று அன்றைக்கு டாக்டரம்மாவிடம் சொன்னாராம்.

அப்படிப்பட்டவருக்கு 1998 ஜூன் மாதம் ஒரு லேப்டாப் தேவைப்பட்டது. அதை வைத்து என்ன செய்வது என்று அவருக்குத் தெரியாது. பங்காளி கிருபாசங்கர் வாங்கிவிட்டார் என்பது மட்டும் தெரியும். கிருபாசங்கருக்குச் சென்னிமலையில் பெட்ஷீட் ஏற்றுமதி. ஆள் வந்தால் அந்தக் கருப்புப் பெட்டியைத் திறப்பார், உதட்டைப் பிதுக்கி இரண்டு தரம் தலையாட்டுவார், மூடிவிட்டு "காப்பி சாப்புடுங்" என்பார். அதற்கே வந்தவர்கள் எழுந்து நின்று பேசினார்கள். இருபதாயிரம் கறிக்கோழி வளர்க்கும் நஞ்சுண்டனை மட்டும் ஊர் இன்னும் 'கோழிக்காரர்' என்றே சொல்லிக்கொண்டிருந்தது.

அதே ஜூன் மாதம் அவர் மகள் நித்யஸ்ரீக்குக் கோயமுத்தூர் மகளிர் கல்லூரி ஒன்றில் பி.எஸ்ஸி. கம்ப்யூட்டர் சயன்ஸ் சீட்டு கிடைத்துக் கடிதம் வந்திருந்தது. வெள்ளிக்கிழமைக்குள் பணம் கட்ட வேண்டும். நஞ்சுண்டன் அந்தக் கடிதத்தைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்துவிட்டு, "ப்ளஸ் டூ போதும் கண்ணு. தையில மாப்ள பாக்கறம்" என்று சொல்லிவிட்டார். அம்மா பழனாத்தாள் "மார்க்கு நொம்ப எடுத்திருக்குதுங்" என்று ஆரம்பித்தாள். "கோழிக்குத் தண்ணி வெச்சாச்சா?" என்றார் அவர். பேச்சு அத்தோடு முடிந்தது. கடிதத்தை நித்யஸ்ரீ மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டாள்.

திங்கட்கிழமை கோயமுத்தூர் காந்திபுரத்தில் கம்ப்யூட்டர் விற்கும் எஜுகேஷன் ஸ்டோருக்கு மகளையும் கூட்டிக்கொண்டு போனார், இங்கிலீஷ் படித்துச் சொல்ல. கடையில் டை கட்டிய விற்பனையாளர் ஷேக் பரீத் ஒரு லேப்டாப்பைத் திறந்து காட்டினார். பக்கத்தில் இரண்டு விலை எழுதிய அட்டை. தொண்ணூறாயிரம் என்று ஒன்று. அதன் கீழே எழுபத்திரண்டாயிரம்.

"கீழ இருக்கறதைப் பேசலாமுங்" என்றார் நஞ்சுண்டன்.

"அது மாணவர் விலைங்க சார். படிக்கறவங்களுக்கு மட்டுந்தான்."

"நானும் படிச்சவன்தானுங்."

"எது வரைக்குங்க?"

"ஆறாவதுல பாதி."

"இப்பப் படிச்சிட்டிருக்கணுங்க சார். காலேஜுல இருந்து போனஃபைடு சர்ட்டிபிகேட் வாங்கியாரணும்."

"எம்பட மச்சினன் பையன் காலேஜுலதானுங் இருக்கறான். அவன் பேருல போட்டுக்கலாமுங்களா?"

"தாராளமாப் போடலாங்க. பில்லு, வாரண்டி எல்லாம் அவர் பேருல வரும்."

நஞ்சுண்டன் பின்வாங்கினார். மச்சினன் வீட்டுக்குப் போன மண்வெட்டியே இன்னும் திரும்பி வரவில்லை.

"பாப்பா படிக்கறாங்களா சார்?"

"அது படிச்சு முடிச்சுப்போட்டதுங்."

"சீட்டு கெடைச்சிருக்குதுங்க" என்றாள் நித்யஸ்ரீ. அப்பாவைப் பார்க்காமல் ஷேக் பரீத்திடம் சொன்னாள். "வெள்ளிக்கெழம கடைசி நாளுங்க. வருசத்துக்கு நாலாயிரந்தான்."

நஞ்சுண்டன் மேசைமேல் இருந்த கால்குலேட்டரைத் தன் பக்கம் திருப்பினார். நாலாயிரத்தை மூன்றால் பெருக்கினார். இரண்டு விலைக்கும் உள்ள வித்தியாசம் பதினெட்டாயிரத்தில் அதைக் கழித்தார். சந்தேகப்பட்டு இன்னொரு தரம் கழித்தார்.

"ஏங் கண்ணு, உன்னையப் படிக்க வெச்சா ஆறாயிரம் மிச்சமாகுதே!"

"ஆமாங்ப்பா."

"இதைய நீ மொதல்லயே சொல்றதில்லியா?"

வெள்ளிக்கிழமை வரை காத்திருக்கவில்லை. புதன்கிழமையே பணம் கட்டினார். அடுத்த வாரம் சர்ட்டிபிகேட்டோடு போய் லேப்டாப்பை மகள் பேரில் வாங்கி, காரின் முன் சீட்டில் வைத்துக்கொண்டு வந்தார். மகள் பின்னால் உட்கார்ந்து வந்தாள். கோழித் தீவன வியாபாரிகள் சங்கத்துக்காரர்கள் கேள்விப்பட்டு, மகளைக் கம்ப்யூட்டர் படிக்கவைக்கும் முற்போக்காளர் என்று அவருக்குச் சால்வை போர்த்தினார்கள். "பெண் கல்வி நம்ம ரெண்டு கண்ணு மாதிரிங்" என்று மைக்கில் சொன்னார். சொல்லிவிட்டு அவரே முதலில் கைதட்டினார்.

சால்வையோடு வீட்டுக்கு வந்து உட்கார்ந்ததும் அடுத்த கணக்குப் போட்டார்.

"மெசினுதான் வந்துருச்சே. இனி காலேஜுக்குப் போனா என்ன, போகாட்டி என்ன? பாக்கி ரெண்டு வருசத்துப் பணம் மிச்சந்தானே?"

நித்யஸ்ரீ கையில் காப்பி டம்ளரோடு நின்றாள். பழனாத்தாள் கீரை ஆய்வதை நிறுத்தினாள்.

"இருங்ப்பா" என்றாள் நித்யஸ்ரீ. லேப்டாப் பெட்டிக்குள் கையை விட்டு வாரண்டி அட்டையை எடுத்தாள். சுவரில் சாய்ந்துகொண்டு நிதானமாக வாசித்தாள்.

"வாங்குனவங்க மூணு வருசமும் காலேஜுல படிக்கோணுமாம். வருசாவருசம் மார்க் சீட்டைக் கொண்டாந்து காட்டோணுமாம். ஒரு பேப்பரு போனாலும் வாரண்டி செல்லாதாம். நடுவுல நின்னுபோட்டா அந்தப் பதினெட்டாயிரத்தையும் வட்டியோட திருப்பிக் கட்டோணுமாம்."

"வட்டியோடயா?"

"ஆமாங்ப்பா. பேரு மாறவே கூடாதாம். இனிசியல் மாறுனாக்கூட செல்லாதாம்."

"இனிசியல் எதுக்கு மாறுது?"

"கல்யாணமானா மாறுமுங்களே."

நஞ்சுண்டன் சால்வையை எடுத்து மடித்தார். "கம்பெனிக்காரன் வெவரமானவன்" என்றார். தன்னைப்போல ஒரு ஆளைக் கண்டால் அவர் மதிக்கத் தவறுவதில்லை.

அதற்கப்புறம் அவர் மகளின் படிப்பைக் கவனித்துக்கொண்ட மாதிரி எந்த வாத்தியாரும் கவனித்திருக்க முடியாது. காலை பஸ்ஸுக்கு அவரே ஸ்கூட்டரில் கொண்டுபோய் விட்டார். ஒறம்பரை என்று சொந்தக்காரர்கள் வந்து டிவியைச் சத்தமாக வைத்தால், "புள்ள படிக்குது, வாரண்டி போயிரும்" என்று அணைத்தார். காய்ச்சலில் ஒரு நாள் அவள் படுத்தபோது நாலு தரம் தொட்டுப் பார்த்தார். லேப்டாப்பைப் பகலில் ஆபீசில் திறந்து வைத்துக்கொள்வார். எந்தப் பொத்தானை அமுக்குவது என்று யாரையும் கேட்பது கௌரவக் குறைச்சல் என்பதால் திரை கருப்பாகவே இருக்கும். அதைப் பார்த்துத் தலையாட்டுவார். மாலையில் அது நித்யஸ்ரீயின் மேசைக்குப் போய்விடும். அங்கேதான் அதற்கு உயிர் வரும்.

ஆவணி பிறந்ததும் தரகர் பாலகோபால் வந்தார். கொடுமுடி மாப்பிள்ளை, பத்து ஏக்கர் வாழை, ஒரே பையன்.

"நல்ல எடந்தானுங்" என்றார் நஞ்சுண்டன். "ஆனா வாரண்டி மூணு வருசம் இருக்குதுங்களே."

"எதுக்குங்க? பொண்ணுக்கா?"

"ரெண்டுக்குந்தானுங். ஒண்ணு நின்னா இன்னொண்ணும் நின்னுபோகும்."

தரகர் முப்பது வருசத் தொழிலில் கேட்காத காரணம் இது. "அப்படி எந்த ஊர்லயும் சட்டமில்லீங்களே. எங்க, அட்டையக் காட்டுங்க. நான் பி.ஏ. படிச்சவன், பாத்துச் சொல்றேன்."

"ஏ புள்ள, அந்த அட்டைய எடுத்துட்டு வா!"

உள்ளே நித்யஸ்ரீயின் பேனா நின்றது.

பழனாத்தாள் வாசல்வரை வந்தாள். "பத்தரமா இருக்கட்டும்னு பீரோவுல வெச்சுப் பூட்டுனனுங். சாவிய எங்கியோ வெச்சுப்போட்டேன். தேடோணும்." அவள் இடுப்பில் சாவிக்கொத்து லேசாகச் சத்தம் போட்டது. புடவைத் தலைப்பை இழுத்துச் செருகினாள். "காப்பி சாப்புடுங்."

காப்பி குடித்துவிட்டுத் தரகர் கிளம்பினார். அவரை பஸ் ஏற்றிவிட நஞ்சுண்டனும் போனார். வாரண்டியின் மகத்துவத்தை அவர் விளக்குவது தெரு முனை வரை கேட்டது.

பழனாத்தாள் மகளின் மேசைக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். லேப்டாப் திரையில் ஏதோ வரிவரியாக ஓடிக்கொண்டிருந்தது.

"அந்த அட்டையில நாலு வரிதானே கண்ணு இருக்குது? நீ ஒரு பக்கம் படிச்சியே."

நித்யஸ்ரீ திரும்பவில்லை. "உங்களுக்கு இங்கிலீசு தெரியாதுங்களேம்மா."

"எண்ணத் தெரியும்."

பழனாத்தாள் சாவிக்கொத்தை எடுத்து, வேறு முடிச்சாக இன்னும் இறுக்கிக் கட்டினாள்.

"மொதப் பரீச்சை எப்ப?"

"நவம்பர்லீங்க."

"ஒரு பேப்பரும் போகக்கூடாது அம்மணி. அட்டையில போட்டிருக்குதல்லொ?"