ஹார்லன் ஓடைப் பாய்ச்சல்

அமெரிக்க உள்நாட்டுப் போர் முடிந்து முப்பது வருஷம் கழித்து, தெற்குப் படையின் குதிரைப்படைக் கிழவர்கள் டென்னசியில் விருந்துக்குக் கூடியிருந்தார்கள். படையில் பிற்பாடு சேர்ந்த டில்லரி, தாம் எழுதிய ரெஜிமென்ட் வரலாற்றை வாசித்தார்.

"ஹார்லன் ஓடையில், கர்னலின் உத்தரவுக்கும் காத்திராமல் ஏசா பெட்டிகுரூ தன்னந்தனியாக எதிரி முகாமை நோக்கிப் பாய்ந்தார். அவர் வீரத்தைக் கண்டு படையே பின்தொடர்ந்தது."

எல்லோரும் கைதட்டினார்கள். ஏசா வறுத்த கோழியைத் தட்டிலேயே வைத்துவிட்டார். இந்தப் பொய்யைச் சுமந்து அவருக்கு அலுத்துவிட்டது. எழுந்தார்.

"நான் பாயலப்பா. என் குதிரை செத்துப்போச்சு. வேற கொண்டாராட்டி காலாட்படைக்குத் தள்ளிருவாங்கன்னு ஒரு கோவேறு கழுதையப் பிடிச்சிட்டு வந்தேன். அது எதிரி முகாம்ல சோளத்த மோப்பம் பிடிச்சு ஓடுச்சு. இழுத்துப் பாத்தேன், நிக்கல. பயத்துல அம்மான்னு அலறினேன். அத நீங்க போர் முழக்கம்னு நெனச்சுட்டீங்க."

டில்லரி அவசரமாகப் பேனாவை எடுத்தார். சோளரொட்டியைப் பிய்த்துக்கொண்டிருந்த பழைய சார்ஜண்ட் வெர்னன் நிமிரக்கூட இல்லை.

"உக்காருடா ஏசா. உன் வீரத்தப் பாத்து எவன்டா வந்தான்? இருந்த பன்றிக்கறி மொத்தத்தையும் அந்தக் கழுதை முதுகுலதானே கட்டி வெச்சிருந்தோம். அது போனா ராத்திரிக்கு என்னத்தத் திங்கிறது? அதான் உசுரக் குடுத்துத் தொரத்துனோம்."

விருந்துப் பந்தலே சிரிப்பில் அதிர்ந்தது. ஏசாவுக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வந்துவிட்டது. டில்லரி மட்டும் பேனாவைக் கையில் பிடித்தபடி வெர்னனைப் பார்த்து, "கர்னலுமா?" என்று கேட்டார்.

"அவருதான்யா எல்லாருக்கும் முன்னால ஓடுனாரு."